இரண்டு நெட்வொர்க் கார்டுகளை ஐந்து மெய்நிகர் கணினிகள் பகிர்ந்துகொள்ளும்போது மாற்றேற்பாட்டை எங்கே வைப்பது?

இராமேசுவரத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மண்டபம் என்ற ஊருக்கு அருகில் உள்ள ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிகளைக் கவனித்துக்கொள்ளும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இங்கே விரிவாகவே பதில் எழுதுகிறேன். அவரிடம் இருப்பது ஒரே ஒரு சர்வர். அதில், ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி, பில்லிங், கோப்புச் சேமிப்பு, குளிர்பதன அறைகளின் வெப்பநிலைப் பதிவு, கேமராப் பதிவு, அலுவலகத் தொலைபேசி ஆகியவற்றுக்காக ஐந்து மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்டுகிறார். சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருக்கின்றன. ஐந்து விஎம்களும் அந்த இரண்டையும் பகிர்ந்துகொள்ள வேண்டும், ஒரு கார்டோ கேபிளோ பழுதானால் மற்றொன்று தானாகவே சுமையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய தேவை.

இதற்காக அவர் இரண்டு முறை முயன்றிருக்கிறார். முதல் முயற்சியில் ஒவ்வொரு கார்டுக்கும் பிரிட்ஜ் என்னும் ஒரு மென்பொருள் இணைப்பை அமைத்து, ஒவ்வொரு விஎம்முக்கும் அந்த இரு பிரிட்ஜுகளிலிருந்தும் ஒவ்வோர் இன்டர்ஃபேஸ் (மெய்நிகர் நெட்வொர்க் கார்டு) கொடுத்து, விஎம்முக்குள்ளேயே அவற்றைப் பாண்டாக, அதாவது ஒரே கார்டு போல் இயங்கும் தொகுப்பாக, இணைத்தார். முதல் கார்டின் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தபோது விஎம் இரண்டாவது வழிக்கு மாறவே இல்லை. தொடர்பு அறுந்தபடியே கிடந்தது. இரண்டாவது முயற்சியில் இரு கார்டுகளையும் ஒரே பிரிட்ஜில் சேர்த்தார். ஒரு நிமிடத்துக்குள் அலுவலகத்தின் மொத்த நெட்வொர்க்கும் உறைந்துபோய், கேபிளைக் கழற்றிய பிறகுதான் மீண்டது. இவை ஏன் தோற்றன, சரியான அமைப்பு எது என்று கேட்கிறார்.

இரண்டாவது முயற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜ் என்பது, கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சைப் போல, சர்வருக்குள் மென்பொருளால் ஆன ஒரு ஸ்விட்ச். அதிலிருந்து ஒரே வெளி ஸ்விட்சுக்கு இரண்டு கேபிள் போனால், இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. எல்லோருக்குமாக அனுப்பப்படும் ஒரு தரவுப் பாக்கெட் அந்த வளையத்தில் ஓயாமல் சுற்றிச் சுற்றிப் பெருகும். ஸ்பானிங் ட்ரீ என்னும் ஏற்பாடு இயங்கினால் அது ஒரு கேபிளை அடைத்து வளையத்தை உடைக்கும். ப்ராக்ஸ்மாக்ஸின் பிரிட்ஜில் அது இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும், மலிவு விலை ஸ்விட்சுகளில் பெரும்பாலும் இருக்கவே இருக்காது. ஆகவே நெட்வொர்க் உறைந்ததில் வியப்பில்லை. இரு கார்டுகளையும் முதலில் ஒரே பாண்டாகக் கட்டி, அந்தப் பாண்டை மட்டும் பிரிட்ஜில் ஒற்றைப் போர்ட்டாகச் சேர்த்தால் வளையம் உருவாகாது.

முதல் முயற்சியின் தோல்விதான் நின்று யோசிக்க வேண்டியது. விஎம்முக்குள் இருக்கும் பாண்டுக்கு, எந்தக் கேபிள் உயிரோடு இருக்கிறது என்பதைச் சொல்வது அதன் இன்டர்ஃபேஸின் லிங்க் நிலை. உண்மையான கார்டில் கேபிள் அறுந்தால் மின்சமிக்ஞை நின்றுபோகும். கார்டு அதை உடனே உணர்ந்து லிங்க் விழுந்ததாக அறிவிக்கும். ஆனால் விஎம்மிடம் இருப்பது வர்ட்டியோ வகை மெய்நிகர் கார்டு. அதன் மறுமுனை போய்ச் சேர்வது சர்வருக்குள் உள்ள பிரிட்ஜில். கேபிள் என்ற பொருளை அது பார்த்ததே இல்லை. பிரிட்ஜ் இயங்கிக்கொண்டிருக்கும் வரை, அதற்கு அப்பால் கேபிள் இருந்தாலும் அறுந்தாலும், விஎம்மின் கண்ணுக்கு லிங்க் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். நண்பர் கேபிளைப் பிடுங்கியபோது ஹோஸ்டுக்கு, அதாவது விஎம்களைத் தாங்கும் சர்வருக்கு, தெரிந்தது; விஎம்முக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்காக அது வழி மாறியிருக்க முடியாது.

எனவே, பழுது எந்த அடுக்கில் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்த அடுக்கில்தான் மாற்றேற்பாட்டை வைக்க வேண்டும். கேபிள் அறுந்ததை அறியக்கூடியது ஹோஸ்ட். ஆகையால் பாண்ட் ஹோஸ்டில் இருக்கட்டும். பாண்டின் மேல் பிரிட்ஜ் இருக்கட்டும். ஒவ்வொரு விஎம்முக்கும் அந்தப் பிரிட்ஜிலிருந்து ஒரே ஓர் இன்டர்ஃபேஸ் போதும். விஎம்முக்குள் எதையும் கட்டவேண்டிய தேவையே இல்லை. ஐந்து விஎம்மில் ஐந்து முறை செய்த வேலையை ஒரே இடத்தில் செய்துவிடுகிறோம் என்பது கூடுதல் ஆதாயம்.

விஎம்முக்குள்ளேயே பாண்டிங் வைப்பது பொருத்தமாக இருக்கும் ஒரு சூழலும் உண்டு. எஸ்ஆர்-ஐஓவி வசதியுள்ள கார்டு தன்னையே பல சிறு கார்டுகளாகப் பிரித்துக் காட்டும். அவற்றில் ஒன்றை ஹோஸ்டின் பிரிட்ஜைத் தொடாமல் நேரடியாக விஎம்மிடம் ஒப்படைக்கலாம். இயல்பான அமைப்பில் அந்தச் சிறு கார்டின் லிங்க் நிலை உண்மையான போர்ட்டின் நிலையைப் பின்பற்றுவதால், கேபிள் அறுந்தது விஎம்முக்கே தெரியும். இரண்டு கார்டுகளிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து விஎம்முக்குள் பாண்டாகக் கட்டினால் அது முறையாக வேலை செய்யும். பாண்ட் தன் மேக் முகவரியை (கார்டின் அடையாள எண்ணை) இரண்டாவது கார்டிலும் போட முயலும்போது ஹோஸ்ட் அதைத் தடுக்கும் என்பதால், வழி மாறும்போது மேக் முகவரியும் மாறிக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். அல்லது அந்தச் சிறு கார்டை நம்பத்தக்கது என்று ஹோஸ்டில் குறிக்க வேண்டும். ஆனால் ஓடும் விஎம்மை வேறு சர்வருக்கு நகர்த்துவது இதில் கடினமாகிவிடும். கேட்டவருக்கு இந்த ஏற்பாடு தேவைப்படாது என்பதால் இதை இத்துடன் விடுகிறேன். சோலாரிஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் இதே கேள்வியை, பல இன்டர்ஃபேஸ்களை ஒன்றாகச் சேர்க்கும் ஐபிஎம்பி குழுக்களை வைத்துக் கேட்பார்கள். அங்கும் ஒரே கார்டிலிருந்து பிறந்த இரண்டு மெய்நிகர் இன்டர்ஃபேஸ்களை ஒரு குழுவில் போட்டுவிட்டு மாற்றேற்பாடு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் இரண்டாக இருந்தாலும் கேபிள் ஒன்றாகத்தானே இருக்கிறது.

இனிப் பாண்டின் வகையைத் தேர்வு செய்வோம். லினக்ஸ் பாண்டிங்கில் பூஜ்யம் முதல் ஆறு வரை எண்ணிடப்பட்ட ஏழு முறைகள் உள்ளன. உங்கள் இடத்துக்கு நான் பரிந்துரைப்பது 1 என்ற எண்ணுள்ள ஆக்டிவ்-பேக்கப். ஒரு கார்டு வேலை செய்யும், மற்றொன்று காத்திருக்கும். ஸ்விட்சில் எந்த அமைப்பும் தேவையில்லை. இரு கேபிள்களையும் வெவ்வேறு ஸ்விட்சுகளில் செருகலாம். அந்த ஸ்விட்சுகள் மிகச் சாதாரணமானவையாக இருந்தாலும் போதும். 4 என்ற எண்ணுள்ள எல்ஏசிபி, ஸ்விட்சோடு பேசி இரு கேபிள்களையும் ஒரே இணைப்பாக்கும் முறை, நல்ல ஏற்பாடுதான்; ஆனால் அதற்கு ஸ்விட்சின் ஒத்துழைப்பு வேண்டும், இரு கேபிள்களும் ஒரே ஸ்விட்சில், அல்லது ஒன்றாக நடந்துகொள்ளும்படி இணைக்கப்பட்ட ஸ்விட்சுகளில் முடிய வேண்டும். 5, 6 என்ற எண்ணுள்ள முறைகளைப் பிரிட்ஜின் கீழே வைக்காதீர்கள். 6 என்ற எண்ணுள்ள முறை, ஓர் ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு உரியது என்று சொல்லும் ஏஆர்பி பதில்களில் உள்ள மேக் முகவரியைத் திருத்தி அனுப்பிச் சுமையைப் பிரிக்கப் பார்க்கும். விஎம்களுக்கு அவற்றுக்கே உரிய மேக் முகவரிகள் இருப்பதால், கண்டுபிடிக்க முடியாத விதத்தில் தொடர்பு விட்டு விட்டு அறும். அந்தப் பழுதைத் தேடி இரண்டு இரவுகளை நான் இழந்திருக்கிறேன்.

ஆக்டிவ்-பேக்கப் என்றதும், ஒரு கார்டு சும்மாவே கிடக்கிறதே என்ற மனக்குறை எழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 கேமராக்கள் ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினாலும் மொத்தம் 64 மெகாபிட்தான்; ஒரு கிகாபிட் கார்டில் அது பதினைந்தில் ஒரு பங்கு. பில்லிங்கும் தொலைபேசியும் அதில் கால்தூசு பெறாது. உண்மையாகவே இரண்டு கார்டுகளும் உழைக்க வேண்டும் என்றால், பிரிட்ஜுக்குப் பதிலாகப் பயன்படும் மென்பொருள் ஸ்விட்சான ஓப்பன் விஸ்விட்சின் பேலன்ஸ்-எஸ்எல்பி முறையைப் பார்க்கலாம். அது ஒவ்வொரு விஎம்மையும் அதன் மேக் முகவரியை வைத்து ஏதாவது ஒரு கார்டில் அமர்த்தும். ஒரு கார்டு விழுந்தால் அதன் விஎம்கள் மற்றதற்கு வந்துசேரும். ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான விஎம்வேரில் மெய்நிகர் போர்ட்டை வைத்துப் பிரிக்கும் இயல்பான ஏற்பாடும் இதைப் போன்றதே. ஆனால் இரு கார்டுகளும் பாதிக்கு மேல் நிறைந்து ஓடும் நிலைக்கு ஒருபோதும் விடக்கூடாது. அப்படி விட்டால், ஒன்று விழும் நாளில் மற்றொன்றால் மொத்தச் சுமையையும் தாங்க முடியாது. மாற்றேற்பாடு பெயரளவில்தான் இருந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

அடுத்தது, பாண்ட் பழுதை எப்படி அறிகிறது என்பது. நூறு மில்லிநொடிக்கு ஒருமுறை லிங்க் நிலையைச் சரிபார்க்கும் எம்ஐஐமான் அமைப்பு பெரும்பாலோருக்குத் தெரிந்தது. இது எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களே உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆக்டிவ்-பேக்கப்பில் கண்காணிப்பு எதையும் குறிப்பிடாவிட்டால் பாண்ட் எதையும் கண்காணிக்காது, கேபிள் அறுந்தாலும் அசையாது. அதே சமயம், இந்தக் கண்காணிப்பு கார்டுக்கும் அதை ஒட்டிய முதல் ஸ்விட்சுக்கும் இடையே உள்ள ஒரு முழக் கேபிளை மட்டுமே பார்க்கிறது. அந்த ஸ்விட்சுக்கு அப்பால் இருக்கும் கேபிள் அறுந்தால் லிங்க் விழாது. சர்வர் தன் ஸ்விட்சோடு நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும். அந்த ஸ்விட்சோ உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கும். மேலே விஎம்முக்கு நேர்ந்த குருட்டுத்தன்மையே ஒரு படி கீழே ஹோஸ்டுக்கும் நேர்கிறது.

இதற்கு மாற்று ஏஆர்பி கண்காணிப்பு. குறிப்பிட்ட இடைவெளியில், குறிப்பிட்ட சில ஐபி முகவரிகளுக்கு ஏஆர்பி கேள்வி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்த்து வழியின் உயிரை முடிவுசெய்வது இதன் வேலை. எம்ஐஐமானையும் இதையும் ஒன்றாக வைக்கக்கூடாது. எல்ஏசிபி முறையில் இது இயங்காது. இலக்காக ஒரே ஒரு முகவரியைக் கொடுக்காதீர்கள். ரூட்டரை மட்டும் கொடுத்திருந்து, அது ரீஸ்டார்ட் ஆகும்போது, இரு கார்டுகளும் செத்துவிட்டதாகப் பாண்ட் எண்ணித் தடுமாறும். ரூட்டரோடு, எப்போதும் இயங்கும் வேறொரு சாதனத்தின் முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள்; 16 இலக்குகள் வரை கொடுக்க இடமுண்டு. வந்தது தான் அனுப்பிய கேள்வி தொடர்பான ஏஆர்பிதானா என்று சோதிக்கும் ஏஆர்பி-வேலிடேட் அமைப்பையும் இயக்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால், துண்டிக்கப்பட்ட அதே ஸ்விட்சில் இருக்கும் வேறு ஏதோ ஒரு கணினியின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வழி உயிரோடு இருப்பதாகப் பாண்ட் ஏமாந்துபோகும். உங்கள் இரண்டு ஸ்விட்சுகளும் ரூட்டருக்கு அருகில் ஒரே ரேக்கில் இருந்தால் எம்ஐஐமான் போதும். ஸ்விட்ச் ஒன்று ஐஸ் உடைக்கும் கூடத்திலும் மற்றொன்று அலுவலகத்திலும் இருந்தால் ஏஆர்பி கண்காணிப்புக்குப் போங்கள்.

இப்போது பலரும் கவனிக்கத் தவறும் இடத்துக்கு வருகிறேன்: பழுதான கார்டு சரியாகித் திரும்பும் நேரம். நான் முன்பு பராமரித்த ஒரு குளிர்பதனக் கிடங்கு பாக் நீரிணைக் கரையில், வடகடலைப் பார்த்தபடி இருந்தது. அங்கே பாண்ட் சரியாகவே கட்டப்பட்டிருந்தது. முதல் கார்டை முதன்மை என்று குறித்திருந்தேன். ஒரு வாடைக்கால இரவில் வெப்பநிலைப் பதிவில் முப்பது நொடி, நாற்பது நொடி இடைவெளிகள் விழத் தொடங்கின. காலைக்குள் எச்சரிக்கை மணி பலமுறை அடித்துவிட்டது. லாக் கோப்பைத் திறந்தால் முதல் கார்டின் லிங்க் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழுந்து, அடுத்த நொடியே எழுந்துகொண்டிருந்தது. விழும்போது பாண்ட் கண்ணிமைக்கும் நேரத்தில் இரண்டாவது கார்டுக்கு மாறியிருந்தது. அதில் குறையே இல்லை. எழுந்ததும், முதன்மை திரும்பிவிட்டது என்று உடனே பழைய கார்டுக்கே ஓடியது. ஆனால் நிர்வகிக்கக்கூடிய அந்த ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ இயங்கிக்கொண்டிருந்ததால், புதிதாக எழுந்த போர்ட் 15 நொடி கவனித்து, 15 நொடி கற்று, அதன் பிறகே பாக்கெட்டுகளை அனுப்பத் தொடங்கியது. லிங்க் இருக்கிறது, வழி இல்லை. ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் அங்கிருந்த விஎம்கள் எல்லாமே ஊமையாக இருந்தன.

இதற்கு மூன்று திருத்தங்கள் உண்டு, மூன்றையும் செய்யுங்கள். சர்வர் செருகப்பட்டிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டுகளை, காத்திருக்காமல் உடனே பாக்கெட் அனுப்பும் விளிம்புப் போர்ட்டுகளாகக் குறியுங்கள். பாண்டில், எழுந்த லிங்கைச் சிறிது நேரம் நம்பாமல் காத்திருக்கும் அப்டிலே அமைப்பை 60,000 மில்லிநொடி அளவுக்கு வையுங்கள்; அது எம்ஐஐமானின் மடங்காக இருக்க வேண்டும், எம்ஐஐமான் கண்காணிப்போடு மட்டுமே வேலை செய்யும். முதன்மை மறுதேர்வு அமைப்பை, ஓடிக்கொண்டிருக்கும் கார்டு பழுதானால் மட்டும் மாறும்படி மாற்றுங்கள். இரண்டு கார்டுகளும் ஒரே தரத்தில் இருக்கும்போது எது முதன்மை என்பதில் என்ன இருக்கிறது? காற்று மாறும்போது வடகடலில் இருந்த படகுகளை மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள், ஒருநாள் காற்று தணிந்தது என்பதற்காக மறுநாளே திருப்பிக் கொண்டுவருவதில்லை.

அன்று காலை அந்த முதல் கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆர்ஜே-45 முனையின் எட்டுத் தகடுகளில் இரண்டில், பட்டாணித் தோல் நிறத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தது. போர்ட்டுக்குள் டார்ச் அடித்தால், அதே இரண்டு கம்பிகளின் நுனியிலும் அதே நிறம். தகட்டின் மேல் இருக்கும் தங்கமுலாம் தரமான முனைகளில் 50 மைக்ரோ அங்குலம் இருக்க வேண்டும். அவசரத்துக்குத் தெருமுனைக் கடையில் வாங்கிய அந்த முனையில் பெயருக்குத்தான் இருந்தது. பலமுறை செருகிக் கழற்றியதில் அது தேய்ந்து, உள்ளே இருந்த செம்புக் கலவையை உப்புக்காற்று தொட்டுவிட்டது. இந்தக் கடற்கரையில் பழைய பாம்பன் இரயில் பாலத்தின் இரும்பையே விடாமல் வர்ணம் பூசிக் காக்க வேண்டியிருந்தது. மயிரிழையைவிட மெல்லிய முலாம் எம்மாத்திரம்?

களிம்பு பிடித்த கேபிள் ஒரேயடியாக அறுவதில்லை என்பதுதான் இதில் தொல்லை. கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஆகவே மீதி இரண்டில் ஒரு ஜோடி கெட்டால் பல கார்டுகள் லிங்கை அடியோடு விட்டுவிடாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிக்கொள்ளும். லிங்க் இருப்பதால் பாண்ட் அதைப் பழுதாகவே கருதாது. இரண்டாவது கார்டு முழு வேகத்தில் சும்மா இருக்க, ஐந்து விஎம்களும் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நெரிந்துகொண்டிருக்கும். கேமராப் பதிவில் படம் உடைகிறது, கோப்பு திறக்க நேரமாகிறது என்று புகார் வரும்போது முதலில் கார்டின் வேகத்தைப் பாருங்கள். லினக்ஸின் ஈத்டூல் கட்டளை ஒரு நொடியில் சொல்லிவிடும். சிஆர்சி பிழைகளின் (சிதைந்து வந்து சேர்ந்த பாக்கெட்டுகளின்) எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறுகிறதா என்பதையும், பாண்டின் நிலைக்கோப்பில் ஒவ்வொரு கார்டுக்கும் எதிரே எழுதப்படும் லிங்க் விழுந்த எண்ணிக்கையையும் கண்காணிப்பு மென்பொருளில் சேர்த்துவிடுங்கள். அந்த எண்ணிக்கை கூடினால் அன்றே கேபிளை மாற்ற வேண்டும். மாற்றேற்பாடு தன் வேலையைச் செய்துவிட்டது, ஆனால் இப்போது உங்களிடம் இருப்பது ஒரே வழிதான். செம்பு பூசிய அலுமினியக் கேபிளை இந்தப் பகுதியில் வாங்கவே வாங்காதீர்கள். உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் செம்பைவிட வேகமாக அரிபடும்.

வழி மாறிய பிறகும் சில விஎம்கள் மட்டும் கொஞ்ச நேரம் கிடைக்காமல் போவதுண்டு. அதன் காரணம் ஸ்விட்சுகளின் நினைவில் இருக்கிறது. எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச் கற்று வைத்துக்கொள்கிறது. வழக்கமாக 300 நொடி வரை மறப்பதில்லை. பாண்ட் மாறும்போது ஹோஸ்டின் சொந்த முகவரிக்காக ஓர் அறிவிப்பை அனுப்புகிறது. பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் விஎம்களின் மேக் முகவரிகளுக்காக அனுப்புவதில்லை. இரு கேபிள்களும் ஒரே ஸ்விட்சில் இருந்தால், லிங்க் விழுந்த போர்ட்டில் கற்றவற்றை அது உடனே மறந்துவிடும் என்பதால் பிரச்சினை எழாது. இரண்டு ஸ்விட்சுகளும் அவற்றுக்கு மேலே மூன்றாவது ஒன்றும் இருந்தால், அந்த மூன்றாவது ஸ்விட்ச் பழைய பக்கத்துக்கே பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கும். விஎம் தானாக ஒரு பாக்கெட்டை வெளியே அனுப்பிய கணத்தில் எல்லாம் சரியாகிவிடும். பில்லிங் விஎம் ஓயாமல் பேசுவதால் அதற்குத் தெரியாது. கேட்டால் மட்டும் பதில் சொல்லும் வெப்பநிலைப் பதிவு விஎம் சில நொடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை காணாமல் போகலாம். அப்படிப்பட்ட விஎம்மை ஐந்து நொடிக்கு ஒருமுறை ரூட்டருக்கு ஒரு பிங் (பதில் கேட்கும் சிறு பாக்கெட்) அனுப்பச் செய்தால் போதும். விஎம்வேரில் ஸ்விட்சுகளுக்கு அறிவிக்கும் அமைப்பு ஒவ்வொரு விஎம்முக்காகவும் இதைத் தானே செய்கிறது.

இரண்டு வழி என்று சொல்லும்போது எங்கிருந்து எதுவரை இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணிப் பாருங்கள். ஒரே கார்டில் உள்ள இரண்டு போர்ட்டுகள் இரண்டு வழிகள் ஆகமாட்டா. கார்டின் சிப் போனால் இரண்டும் போகும். மதர்போர்டில் உள்ள போர்ட் ஒன்றையும் தனிக் கார்டில் உள்ள போர்ட் ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். கேபிள்கள் இரண்டு ஸ்விட்சுகளுக்குப் போனாலும், இரண்டு ஸ்விட்சுகளும் ஒரே யுபிஎஸ்ஸில் ஒரே பிளக் பலகையில் தொங்கினால் அது ஒரு வழியே. இராமேசுவரத் தீவுக்கு 1914 முதல் இரயில் பாலம் ஒன்றே இருந்தது. 1964 டிசம்பர் புயலில் அது சிதைந்தபோது தீவுக்கு வேறு பாலம் இருக்கவில்லை. 1988இல் சாலைப் பாலம் வந்தது. அதனால்தான் 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் இரயில் நிறுத்தப்பட்டு 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரையில் பயணிகள் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியே போக முடிந்தது. ஆனால் இரண்டு பாலங்களும் கடப்பது ஒரே கடலை. புயற்காற்று வீசும் நாளில் அந்தக் காற்று இரண்டின் மேலும்தான் வீசும். உங்கள் நிறுவனத்துக்குத் தீவுக்குள் கிளை இருந்தால், இரண்டு இணைய நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கியிருப்பதோடு நிற்காமல், இரண்டின் ஃபைபரும் எந்த வழியாக வருகிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விஎம்களை வீலான்களாக, அதாவது ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளாக, பிரித்திருந்தால் இரு ஸ்விட்ச் போர்ட்டுகளிலும் ஒரே வீலான் பட்டியல் இருக்க வேண்டும். இதைச் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் வழி மாறும்போது நான் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை இதனால்தான். நிறுவும் நாளில் இரண்டும் ஒன்றாக இருக்கும். ஆறு மாதம் கழித்துத் தொலைபேசிக்குப் புதிய வீலான் ஒன்றை ஓடுகிற போர்ட்டில் மட்டும் சேர்த்திருப்பார்கள். எல்லாம் வேலை செய்வதால் மற்றதை யாரும் நினைக்கமாட்டார்கள். காத்திருக்கும் வழியின் குறை, அதில் நடக்கும் வரை தெரியாது. வள்ளத்தில் இரண்டாவது எஞ்சின் வைத்திருப்பவர் அதைக் கரையிலேயே அவ்வப்போது இழுத்து ஓட்டிப் பார்ப்பது எதற்காகவோ, அதற்காகவே நான் மாதம் ஒருமுறை ஓடும் கார்டைக் கையால் மாற்றிவிடுகிறேன்: ஒற்றைப்படை மாதங்களில் முதல் கார்டு, இரட்டைப்படை மாதங்களில் இரண்டாவது. பாண்டின் ஆக்டிவ் ஸ்லேவ் அமைப்பில் பெயரை மாற்றி எழுதினால் அரை நொடிக்குள் முடிந்துவிடும். எந்தப் போர்ட்டில் எந்த வீலான் விடுபட்டிருந்தாலும் வேலைநேரத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிடும்.

முழுமையான சோதனைக்கு உங்கள் தொழிலிலேயே நல்ல காலம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும்போது சர்வரையும் பார்த்துவிடலாம். வெளியே ஒரு மடிக்கணினியிலிருந்து ஐந்து விஎம்களுக்கும் நொடிக்கு ஐந்து பிங் வீதம் ஓடவிடுங்கள். முதலில் ஓடும் கார்டின் கேபிளைப் பிடுங்குங்கள். எம்ஐஐமான் 100இல் இருந்தால் ஒவ்வொரு விஎம்முக்கும் ஒன்றிரண்டு பிங்குகள்தான் தவற வேண்டும். திரும்பச் செருகிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். அப்போது ஒன்றுகூடத் தவறக்கூடாது, தவறினால் அப்டிலேயையும் ஸ்பானிங் ட்ரீயையும் மீண்டும் பாருங்கள். அடுத்து கேபிள் அப்படியே இருக்க, ஓடும் பக்கத்து ஸ்விட்சிலிருந்து ரூட்டர் பக்கம் போகும் கேபிளைக் கழற்றுங்கள். ஏஆர்பி கண்காணிப்பு உள்ளதா இல்லையா என்பது இங்கேதான் வெளிப்படும். கடைசியாக அந்த ஸ்விட்சின் மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்து, அது எழுந்துகொள்ளும் முழு நேரமும் பிங் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருங்கள். சில ஸ்விட்சுகள் தம் மென்பொருள் முழுவதும் எழுவதற்கு முன்பே போர்ட்டில் லிங்கைக் காட்டிவிடும்; அந்த இடைவெளி எத்தனை நொடி என்று அளந்து, அதைவிட அதிகமாக அப்டிலேயை வைத்த பிறகு, கேபிள்களின் இரு முனையிலும் எண் எழுதி ஒட்டி, உதிரியாக இரண்டு நல்ல பேட்ச் கேபிள்களைக் காற்றுப்புகாத பையில் ரேக்கின் கதவிலேயே தொங்கவிட்டு வையுங்கள்.